மணவாளன் பெயரில் போன ரத்தம்

வடக்கு உத்தர வீதி,
ஸ்ரீரங்கம்.
21-1-1962

ஸ்ரீ:

சிரஞ்சீவி அம்பி மணவாளனுக்கு,

நேற்று சாயங்காலம் நம் ஆத்துக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்திம்பேர், பக்கத்து ஆத்து வேதபாடசாலை சுவாமி, அவர் தேவிகள் ஆண்டாளம்மாள், அவர்கள் நாட்டுப்பெண் குமுதவல்லி, அவள் மடியில் பிறந்து இரண்டு மாதம் ஆகாத ஆண் குழந்தை. இல்லாதவன் நீ ஒருவன்தான். ஆனால் பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான் நடந்தது.

தட்டு நிறையப் பழமும் வெற்றிலையும், ஒரு தூக்கு அக்காரவடிசிலும் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "உன் தம்பி ரத்தம் இப்போ எங்காத்துல ஓடறது. அவனை இனிமே என்ன உறவு சொல்லிக் கூப்பிடறது, நீயே சொல்லு" என்றாள் ஆண்டாளம்மாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ தீபாவளி முடிந்த கையோடு நாக்பூருக்கு ரயிலேறிவிட்டாய். குழந்தை பிறந்ததோ கார்த்திகைக் கடைசியில். வாயைத் திறக்காதே என்று அத்திம்பேர் கண்ணாலேயே சொன்னார். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் போனபிறகு அத்திம்பேரைக் கேட்டேன். பிரசவத்தில் குமுதவல்லிக்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாட்டிலை ஏற்றப் போகும்போது, "எவன் ரத்தம்னு தெரியாம ஏத்த விடமாட்டேன்" என்று ஆண்டாளம்மாள் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாளாம். ரத்த பாங்கியில் கணக்கு எழுதுகிறவர் இவர்தானே, இவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். "நம்மவா ரத்தம்தான் மாமி, என் மச்சினன் மணவாளன் நடுவுல ஒரு நாள் வந்து குடுத்துட்டுப் போனது" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு வருஷத்துக்கு முன் உன் சிநேகிதனுக்காக நீ ஒரு தரம் கொடுத்தாயே, அந்த அட்டை அங்கேயே இருக்கிறது. உன்னுடையதும் எல்லோருக்கும் ஏற்றலாம் என்கிற ஓ வகை. வாயால் சொன்னதோடு விடாமல், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று ரிஜிஸ்தரிலும் உன் பெயரையே எழுதிவிட்டார்.

"நிஜமா யாரோடது?" என்றேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல குதிரை ஜட்கா நிறுத்திண்டு இருப்பானே பெரியண்ணன், அவனோடது. அதைச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு போயிருப்பா. பொய்யா பெருசு, உயிரா பெருசு?"

 குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறது. நீ கோபித்துக்கொள்ளாதே. அங்கே குளிர் எப்படி இருக்கிறது? கம்பளியை மடித்து வைக்காமல் போர்த்திக்கொள். உன் சௌக்கியத்துக்கு இரண்டு வரி எழுது.

உன் அக்கா,
செங்கமலம்

*

நாக்பூர்
2-2-1962

அக்காவுக்கு மணவாளன் தெண்டனிட்ட விண்ணப்பம்.

நான் சௌக்கியம். குளிர் குறைந்து ஆரஞ்சுப் பழம் மலிந்துவிட்டது. எனக்கு லீவு கிடைக்கவில்லை, என் ரத்தம் மட்டும் டிக்கெட் இல்லாமல் ஏகாதசி சமயத்துக்கு ஸ்ரீரங்கம் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று மெஸ்ஸில் சொல்லி எல்லோரும் சிரித்தோம். ஆண்டாளம்மாள் யார், என் பந்து அவள் ஆத்துக் கிணற்றில் விழுந்ததற்காக வீதி முழுக்கத் துடைப்பத்தோடு துரத்தினவள். அவளே என்னோடு உறவு கொண்டாட வருகிறாள் என்றால் அத்திம்பேருக்கு ஒரு நமஸ்காரம் அதிகமாகவே பண்ண வேண்டும்.

ஆனால் அக்கா, இத்தோடு போதும் என்று அவரிடம் சொல். நானும் ரயில்வேயில் ரிஜிஸ்தர் எழுதிச் சாப்பிடுகிறவன். அதில் ஏறினது லேசில் இறங்காது. இந்த வருஷக் கடைசியில் எங்களில் நாலு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். என் பெயரும் இருக்கிறது. பெருமாள் கடாட்சம் வேண்டும்.

அத்திம்பேருக்கு மூட்டுவலி தேவலையா? உனக்கு?

மணவாளன்

*

ஸ்ரீரங்கம்
6-5-1962

ஸ்ரீ:

அம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் மூன்று கடிதமும் வந்தன. விருப்பன் திருநாள், தேர் என்று வீதியில் கூட்டம் நெரிந்தது, உட்கார்ந்து எழுத முடியவில்லை. தேர் நிலைக்கு வந்துவிட்டது. மாவடு போட்டிருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

குமுதவல்லிக்கு உடம்பு சரியில்லை. பங்குனியிலிருந்தே சாதத்தைக் கண்டால் குமட்டல் என்றாள். இப்போது கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குறையாததால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

சின்ன வயசில் உனக்கு எப்போதாவது காமாலை வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

அத்திம்பேர் சௌக்கியம். கொஞ்ச நாளாக மோர்சாதமே போதும் என்கிறார்.

செங்கமலம்

*

நாக்பூர்
19-6-1962

அக்காவுக்கு நமஸ்காரம்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதை யாரும் நம்பவில்லை என்பதுதான் சங்கடம்.

எனக்குச் சின்ன வயசில் காமாலை வந்ததில்லை. நீ கேட்டதற்கு இதுதான் பதில். ஏன் கேட்டாய் என்று இப்போது தெரிகிறது.

அத்திம்பேருடைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் காமாலை வந்தால், கொடுத்தவர் யார் என்று பார்த்து அவரை நீக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். காமாலையோடு திரும்பி வந்த மூன்று பேருக்கும் என் ரத்தம்தான் ஏறியிருக்கிறதாம். பார்க்க நான் ஆரோக்கியமாக இருந்தாலும் நோய் ரத்தத்தில் ஒளிந்திருக்கலாம், கண்டுபிடிக்கப் பரிசோதனை கிடையாது, அதனால் ஆயுசுக்கும் நான் யாருக்கும் ரத்தம் கொடுக்கக்கூடாது என்று எழுதி, டாக்டர் பேட்ரிசியா என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நகல் ஒன்று எங்கள் ரயில்வே டாக்டருக்கும் போயிருக்கிறது.

அவர் என்னை நிற்கவைத்து இமையை விலக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் திருச்சியிலிருந்து மறு கடிதம் வரும்வரை என்னை நிரந்தரம் பண்ண முடியாது என்று எழுதிவிட்டார். மெஸ்ஸில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக ஜன்னல் மேல் வைத்துவிட்டார்கள். சமையல்காரர் பாலக்காட்டுக்காரர், நல்லவர்தான். "தம்பி, தப்பா நினைக்கப்படாது, நீங்களே அலம்பி வெச்சுடுங்கோ" என்றார். மற்றவர்கள் 'மஞ்சள் சுவாமி' என்று கூப்பிடுகிறார்கள்.

மூன்று பேர் என்கிறார்கள் அக்கா. நீ எழுதினது குமுதவல்லி ஒருத்தியைத்தான். மற்ற இரண்டு பேர் யார்? அத்திம்பேரைக் கேட்டு எழுது.

மணவாளன்

*

ஸ்ரீரங்கம்
3-9-1962

ஸ்ரீ:

அம்பிக்கு ஆசீர்வாதம். நீ ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று தாயார் சந்நிதியில் தினமும் பிரார்த்தித்துக்கொள்கிறேன்.

ஆடிப்பெருக்குக்குக் காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்தாள். அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. இந்த வருஷம் எலுமிச்சங்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஊறுகாய் போட்டு ஜாடியில் கட்டிவிட்டேன். குமுதவல்லி ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஆசார்யன் திருவடி சேர்ந்தாள். குழந்தைக்குப் பசும்பால் சேருகிறது.

அத்திம்பேருக்கு ரத்தக் கொதிப்பு என்கிறார்கள். உப்பில்லாத தளிகை தனியாகப் பண்ணுகிறேன். ரிடையராக இன்னும் ஒரு வருஷமும் சில மாதமும் இருக்கிறது.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். "புதுசா வந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. பழைய ரிஜிஸ்தரெல்லாம் எடுத்து வெச்சுண்டு, மூணு காமாலைக்கும் மூணு பாட்டிலைத் தேடிப் பிடிச்சுட்டா. எல்லாம் சரியாத்தான் பண்ணினா" என்றார். அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 

நீ கொஞ்சம் பொறுமையாக இரு. பகவான் ஒரு வழி விடுவான். ராத்திரி கண் விழிக்காதே.

செங்கமலம்

*

நாக்பூர்
17-9-1962

அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ஊறுகாய்க்கு நடுவே ஒரு பெண் போன செய்தியை எழுதியிருக்கிறாய். அதை நாலு தடவை படித்தேன்.

நீ எழுதாததையும் படித்துவிட்டேன். அத்திம்பேர் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. அப்படித்தானே?

எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவிலிருந்து ஒரு நகல் வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் குறித்திருந்த மூன்று தேதியிலும் நான் நாக்பூரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலதிகாரி முத்திரையும் இருக்கிறது. இந்த ஒரு காகிதத்தை அனுப்பினால் நான் விடுபட்டுவிடுவேன், அத்திம்பேர் மாட்டிக்கொள்வார். சர்க்கார் ரிஜிஸ்தரில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அனுப்பவில்லை. பெட்டியில் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. என் பெயரை அடித்துவிட்டதால் நோய் நின்றுவிட்டது என்று உங்கள் டாக்டரம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெரியண்ணன் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறானா?

மணவாளன்

*

ஸ்ரீரங்கம்
27-11-1962

ஸ்ரீ:

அம்பி, நீயும் உன் சிநேகிதர்களும் சுகமாக இருக்க ரங்கநாதன் அருள் புரியட்டும்.

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எண்ணெய், பருப்பு, பால் என்று தப்பாமல் கணக்கு எழுதுகிற எனக்கு இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு தடவை இல்லை அம்பி. 'சடகோபன் இருந்தா நம்மவா ரத்தமே கிடைக்கும்' என்று அத்திம்பேரைப் பற்றி வீதி வீதியாகப் பேச்சாகிவிட்டது. மடப்பள்ளிப் பரிசாரகருக்கு, கீழச் சித்திரை வீதியில் ஒரு பையனுக்கு (நீ கேட்ட மற்ற இரண்டு பேர் இவர்கள்தான்), இன்னும் யார் யாருக்கோ. கோயிலில் இவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது இவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை உன்னிடம் மறைப்பானேன். ஒவ்வொரு தடவையும் எழுதினது உன் பெயர். பாதிக்கு மேல் பெரியண்ணனுடைய ரத்தம், காமாலை வந்த மூன்று பேருக்கும் ஏறினது அவனுடையதுதான்.

போன மாதம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளில், திரும்பி வரப் பெரியண்ணன் வண்டியிலேயே வேண்டுமென்று ஏறினேன். காவேரிப் பாலத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"உனக்குக் காமாலை கீமாலை வந்திருக்கா, பெரியண்ணா?"

"எனக்கா? சளிகூட வந்ததில்லைங்க மாமி. சீக்கெல்லாம் குதிரைக்குத்தான்."

"ரத்தம் குடுக்கறயாமே."

"கூப்பிட்டா போறதுதான். படுக்க வெச்சு, காப்பி வாங்கிக் குடுத்து, காசும் குடுக்குறாங்க. வேற எந்த உத்தியோகத்துல படுக்கச் சொல்லிச் சம்பளம் தராங்க?" சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "உங்க ஊருக்கே எத்தனை பாட்டிலு போயிருக்கு! உங்க வீட்டுச் சாமி, பேரை மாத்தி எழுதுறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. வீதிக்குள்ள வர்றப்ப எவராச்சும் 'தள்ளி நில்லுடா'ன்னா, உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். பாதிப் பேரு நமக்குப் பங்காளி, மாமி!"

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

"இனிமே குடுக்காதே" என்றேன்.

"ஏங்க?"

காரணம் நாக்கு நுனியில் நின்றது. "உடம்புக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லாச் சொன்னீங்க. அப்ப குதிரைக்குக் கொள்ளு?"

வெள்ளிக்கிழமை தோறும் நம் ஆத்தில் அரிசி வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன். வாங்கிக்கொண்டு போகிறான். ரத்தமும் கொடுக்கிறான். சீனாக்காரன் சண்டை வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆளைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். ஜவான்களுக்கு என்று சொன்னபிறகு அவனைப் பிடித்து நிறுத்த முடியுமா?

ரத்த பாங்கியில் பாட்டில் கழுவுகிற தைரியராஜைப் பார்த்து, பெரியண்ணனைத் திருப்பி அனுப்பக்கூடாதா என்றேன். "அவன் பேருக்கு நேரா ஒரு குத்தமும் இல்லைங்களேம்மா. மணவாளன்னு ஒருத்தரைத்தான் செவப்பு மையில அடிச்சு வெச்சிருக்கு. அவர் வந்தா சொல்லுங்க, வாசல்லயே மடக்கிடுறேன்" என்றார். அது என் தம்பி என்று நான் சொல்லவில்லை.

பெரியண்ணன் சொந்தப் பெயரில் கொடுத்ததெல்லாம் கிராமத்து ஜனங்களுக்குப் போயிருக்கிறது. அவர்களுக்குக் காமாலை வந்தால் பச்சிலை குடிப்பார்கள், பிழைப்பார்கள் அல்லது போவார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து சொல்லமாட்டார்கள். அதனால் அவன் பக்கம் சுத்தமாக இருக்கிறது.

அத்திம்பேர் இதையெல்லாம் அறிவார். "இன்னும் ஒரு வருஷம்" என்கிறார். "பென்ஷன் இல்லேன்னா கோயில் வாசல்ல நிக்கணும் செங்கமலம். என்னை ஜெயில்ல போட்டா, அவமானத்துல நீ அங்ககூட நிக்கமுடியாது." அவர் சொல்வது பொய்யில்லை. நீ அந்தக் காகிதத்தை இப்போதைக்கு அனுப்பாதே. இத்தோடு நிறுத்துகிறேன்.

செங்கமலம்

*

நாக்பூர்
8-12-1962

அக்காவுக்கு,

உடம்பு சுகம். மற்ற மூன்று பேரும் நிரந்தரமாகிவிட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தந்தார்கள்.

நீ சொன்னபடி அனுப்பவில்லை. என் தட்டு ஜன்னல் மேலேயே இருக்கட்டும், நான் பழகிக்கொண்டேன். நீ அவனுக்கு அரிசி போடுவதாக எழுதியிருக்கிறாய். யாருக்கு எந்த பாட்டில் ஏறுகிறது என்று தினமும் அத்திம்பேர் தன் கையால் எழுதிவிட்டுத்தானே ஆத்துக்கு வந்து சாப்பிடுகிறார்? அவரால் எப்படி முடிகிறது?

உன்னையும் கேட்கிறேன்.

மணவாளன்

*

ஸ்ரீரங்கம்
29-1-1963

ஸ்ரீ:

அம்பிக்கு,

க்ஷேமம் விசாரித்து எழுத இன்று மனசு ஓடவில்லை. நீ நன்றாக இரு.

குடியரசு தினத்தன்று ஆஸ்பத்திரியில் விழா. அதிகத் தடவை ரத்தம் கொடுத்தவன், ஒரு நோயாளிக்கும் கெடுதல் வராதவன் என்று பெரியண்ணனுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டு, ஜட்காவுக்குள் மாட்டிக்கொண்டு நேரே நம் வாசலுக்கு வந்தான்.

"மாமி, பாத்தீங்களா? இனிமே கொழந்தைங்க வார்டுக்கு நம்ம ரத்தம்தானாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. உன் ரெக்கார்டு மாதிரி யாருக்கும் இல்ல, கொழந்தைங்களுக்கு நல்ல ரத்தமாத்தான் ஏத்தணும்னாங்க."

அப்போது சொல்லிவிட்டேன். உன் ரத்தத்தில்தான் காமாலை இருக்கிறது, குமுதவல்லி அதனால்தான் போனாள், தெரிந்துதான் உனக்கு அரிசி போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இது சர்க்காரு குடுத்தது மாமி. பொய்யா எழுதுவாங்க? நீங்க சொல்றதுக்கு ஏதாச்சும் காகிதம் இருக்கா? உங்க ஜனத்துக்குள்ள என் ரத்தம் ஏறிப்போச்சேன்னு வயித்தெரிச்சல். அதைச் சொல்ல முடியாம என்மேல சீக்குன்னு பழி போடுறீங்க." போன வெள்ளிக்கிழமைப் பை வண்டியிலேயே இருந்தது. எடுத்து வாசற்படியில் வைத்தான். "இதுவும் வேணாம்."

 காகிதம் எங்கள் பக்கமா இருக்கிறது?

அன்றைக்கே உட்கார்ந்து ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு எழுதினேன். எந்தெந்தத் தேதியில் யார் ரத்தத்துக்கு யார் பெயர் போட்டது என்று எனக்குத் தெரிந்தது எல்லாம் எழுதி, என் கையெழுத்தும் போட்டேன். திருமண் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்திம்பேரிடம் படித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

கடைசி வரி வரைக்கும் கேட்டார். எழுந்து கிணற்றடி வரைக்கும் போனார். திரும்பி வந்து, "வெறும் பெரியண்ணன்னு எழுதினா போறாது. ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்கா. ஆண்டி மகன் பெரியண்ணன், உறையூர்னு எழுது. இல்லேன்னா இன்னொருத்தன் பேரை அடிச்சுடுவா" என்றார். பேனாவை வாங்கி நான் தப்பாக எழுதியிருந்த ஒரு தேதியையும் திருத்திக் கொடுத்தார்.

தபாலில் சேர்த்துவிட்டேன். நீயும் உன் காகிதத்தை ரிஜிஸ்தர் தபாலில் அதே விலாசத்துக்கு அனுப்பு. எங்களைப் பற்றி யோசிக்காதே.

செங்கமலம்

*

ந.க. 418/63
நாள்: 4-3-1963

பெறுநர்: திருமதி செங்கமலவல்லி, வடக்கு உத்தர வீதி, ஸ்ரீரங்கம்.

பொருள்: ரத்த பாங்கிப் பதிவேடு – தனிநபர் மனு – தொடர்பாக.

தங்கள் 26-1-1963 நாளிட்ட மனுவும், நாக்பூர் திரு. மணவாளன் அனுப்பிய ஆவணமும் பரிசீலிக்கப்பட்டன. சம்பந்தப்பட்ட ஆண்டுகளுக்குரிய பதிவேடுகள் தணிக்கை செய்யப்பட்டு, அடித்தல் திருத்தல் இன்றி முறையாகப் பராமரிக்கப்பட்டுள்ளமை கண்டறியப்பட்டது. தணிக்கை முடிந்த பதிவேட்டினை வெளியார் கூற்றின் பேரில் மாற்ற விதிகளில் இடமில்லை. திரு. மணவாளன் பெயர் நீக்கம் அவ்வாறே நீடிக்கும். குமாஸ்தா திரு. சடகோபன் நிர்வாக நலன் கருதி ரிக்கார்டு பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளார். இத்துடன் கோப்பு முடிக்கப்படுகிறது.

(ஒப்பம்)
மேலதிகாரிக்காக

*

ஆஸ்பத்திரி, ரத்த பாங்கி வராந்தா
12-3-1963, காலை

டாக்டர் பேட்ரிசியா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சுகமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. இங்கே குமாஸ்தாவாக இருந்த சடகோபனின் மனைவி நான். நீங்கள் சிவப்பு மையில் அடித்த மணவாளன் என் தம்பி.

ஜனவரியில் இந்த ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். அது உங்கள் மேஜைக்கு வரவே இல்லை என்று தைரியராஜ் இப்போது சொல்கிறார். அவரிடமே காகிதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். மனுவுக்கு வந்த பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவேடு முறையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கும். என் கணவர் எழுத்து அவ்வளவு சுத்தம்.

நீங்கள் தேடிக் கண்டுபிடித்த மூன்று பாட்டிலும் என் தம்பியுடையவை இல்லை. அந்தத் தேதிகளில் அவன் நாக்பூரில் இருந்தான். மூன்றும் உறையூர் ஆண்டி மகன் பெரியண்ணனுடையவை. எங்கள் வீதி ஜனங்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக என் கணவர் பெயரை மாற்றி எழுதினார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மாடியில் ரிக்கார்டு ரூமில்தான் இருக்கிறார். இனி மறைக்கமாட்டார்.

அவசரம் என்னவென்றால், பெரியண்ணன் வண்டி இன்று வாசலில் நிற்கிறது. அவன் உள்ளே படுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிற பெண் குழந்தைக்கு அந்த பாட்டில் என்கிறார்கள். அவள் தாயார் ரோசம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய் ரத்தமே வேண்டாம் என்பாள். குழந்தைக்கு ரத்தம் இல்லாமல் முடியாது என்று தைரியராஜ் சொல்கிறார்.

என் உடம்பில் என்ன வகை ரத்தம் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்குக் காமாலை வந்ததில்லை. பார்த்துவிட்டுச் சேரும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சேராவிட்டால் வேறு யாராவது கிடைக்கிறவரை அந்த பாட்டிலை நிறுத்தி வையுங்கள். என்னுடையதை எடுத்தால், ரிஜிஸ்தரில் செங்கமலவல்லி என்றே எழுதச் சொல்லுங்கள். ரோசம்மாள் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

நான் இந்த பெஞ்சியிலேயே இருக்கிறேன். பாட்டிலை மாட்டுவதற்குள் உங்கள் பதில் வேண்டும். தைரியராஜ் கதவுக்கு வெளியே நிற்கிறார், தயவுசெய்து அவரிடம் உடனே பதில் சொல்லி அனுப்புங்கள்.

செங்கமலவல்லி